அறிக்கை

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்ததே கிடையாது. பானையைக் கவிழ்த்தால் ஒரு மணி விழாத நாளிலும் ஆச்சி, "அரிசி நிறைஞ்சிருக்கு, கடைக்கு ஒரு எட்டு போயிட்டு வா" என்றுதான் சொல்வாள். விளக்கை 'அணை' என்று சொல்லக்கூடாது, 'அமர்த்து' என்று சொல்ல வேண்டும். அவசரத்தில் யாராவது 'போறேன்' என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினால், திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்து, 'போயிட்டு வாறேன்' என்று சொல்ல வைத்த பிறகே அனுப்புவாள். கோபத்தில் நான் தங்கச்சியை 'நாசமாப் போ' என்று திட்டிவிட்டால் அன்றைக்கு இரவு குடும்ப ஜெபத்தில் என் பெயர் தனியாக வரும்.

உடன்குடிக்குப் பக்கத்தில், தேரியின் செம்மணல் தொடங்குகிற இடத்தில் எங்கள் ஊர். நான்கு தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. ஆனால் சங்கீதங்களில் பாதி காது வழியாக உள்ளே போய் உட்கார்ந்திருந்தன. அவளுக்கென்று ஒரு இறையியல் இருந்தது. ஆண்டவர் வெளிச்சத்தையும் கடலையும் மீனையும் வாயால் சொல்லித்தான் உண்டாக்கினார். மனுஷனை மட்டும் மண்ணெடுத்துக் கையால் செய்து மூச்சை ஊதினார். "அவரு ஊதுன மூச்சுலதாம்ல நாம பேசுதோம். பாத்துப் பேசு" என்பாள்.

பின்னாளில் கல்லூரி விடுதியில் பார்த்தால், அறை நண்பனின் அம்மாவும் போனில் 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்றுதான் சொன்னார். அவர்கள் வீட்டுப் பூஜையறையில் முருகன் இருந்தார். என் முன்னோர்கள் கும்பிடும் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். நாக்கைப் பற்றிய பயத்தை மட்டும் அப்படியே கையோடு கொண்டுவந்து, அதற்கு வேதத்தில் வசனமும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள் என்று அன்றைக்குத் தோன்றியது.

வசனங்களுக்கும் பஞ்சமில்லை. யாக்கோபின் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் நாக்குக்கு மூன்று உவமை: குதிரையின் கடிவாளம், கப்பலின் சுக்கான், காட்டைக் கொளுத்தும் சிறு நெருப்பு. ஆதியாகமத்தில் ஈசாக்கு ஆள் மாறி யாக்கோபுக்கு ஆசீர்வாதம் கொடுத்துவிடுகிறார். விஷயம் தெரிந்து ஏசா கதறுகிறான். ஏமாற்றி வாங்கியது என்று தெரிந்த பிறகும் கிழவரால் அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. நியாயாதிபதி யெப்தா போருக்கு முன்னால் ஒரு பொருத்தனை செய்கிறார். ஜெயித்துத் திரும்பினால் வீட்டிலிருந்து முதலில் வெளியே வருவது பலி. வந்தது ஒரே மகள். எபிரேய மொழியில் 'தாபார்' என்ற ஒரே சொல்லுக்குப் 'பேச்சு' என்றும் 'காரியம்' என்றும் பொருள் உண்டு. சொல்வதும் செய்வதும் அங்கே இரண்டு வேலை அல்ல.

இதையெல்லாம் சின்ன வயதில் கதையாகத்தான் கேட்டேன். 2008இல், நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது, நேரில் பார்த்தேன்.

*

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சண்டை. ஏழு பனைகளுக்காக. தாத்தா இறந்த பிறகு விளையை அளந்தபோது எல்லைக்கல் எந்தப் பக்கம் நின்றது என்பதில் தொடங்கியது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கோயிலில் வேதபாடம் வாசித்தால் பின் வரிசை வரை கேட்காத அளவு மெல்லிய குரல். அன்றைக்கு அந்தக் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னையோட நீ எனக்கு அண்ணன் இல்ல. நான் செத்தாலும் என் மூஞ்சில வந்து முழிக்கக் கூடாது."

பெரியப்பா ஒரு வார்த்தைதான் சொன்னார். "சரி."

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம். ஒரே கோயில்தான். பெரியப்பா தெற்கு வாசல் வழியாக வந்து தெற்கு வரிசையில் உட்காருவார். நாங்கள் வடக்கு வரிசை. திருவிருந்து ஆராதனையில் எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஐயர் சமாதானத்தைக் கைகளால் முன்வரிசைக்குக் கொடுப்பார். வாங்கியவர் அடுத்தவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று கடைசி பெஞ்சு வரை போகும். ஒரே கையிலிருந்து புறப்பட்ட சமாதானம் இரண்டு வரிசையில் தனித்தனியாக நடந்துபோய் அண்ணனுக்கும் தம்பிக்கும் கிடைத்தது.

நான் வெகுநாள் கவனிக்காத ஒன்று உண்டு. அப்பா அந்த ஒன்பது வருஷத்தில் ஒரு முறைகூடத் திருவிருந்து எடுக்கவில்லை. எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது அவர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார். காணிக்கை கொண்டுவரும்போது சகோதரனோடு மனஸ்தாபம் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது. அப்பா அதில் பாதியைக் கடைப்பிடித்தார். பீடத்துக்குப் போகவில்லை. அண்ணனிடமும் போகவில்லை.

ஆச்சி 2012இல் இறந்தாள். அரிசி தீர்ந்ததைச் சொல்லாத அந்தக் கிழவி, தன் சாவைப் பற்றி வெட்டவெளிச்சமாகப் பேசினாள். "நான் இந்த வாரம் தாண்ட மாட்டேன். பெட்டியில அந்த வெள்ளச் சேலைய எடுத்து வெயிலுல போடு" என்று அம்மாவிடம் சொன்னாள். அடக்க ஆராதனையில் எந்தப் பாட்டு, எத்தனை சரணம் என்று உபதேசியாரைக் கூப்பிட்டுச் சொன்னாள். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்தாள். என் தலையில் வைத்தபோது, "நல்லா இருப்பய்யா. நாக்க மட்டும் பாத்துக்கோ" என்றாள்.

மகன்கள் இருவரும் கட்டிலின் இரண்டு பக்கத்தில் நின்றார்கள். இரண்டு கையையும் நீட்டி இரண்டு தலையிலும் வைத்தாள். "பேசுங்கல" என்றாள். இருவரும் பேசவில்லை. வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

*

2017இல் அப்பாவின் கண் மஞ்சளானது. காமாலை என்று நினைத்து கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் கட்டி. மதுரையிலும் அதையேதான் சொன்னார்கள். மாசக்கணக்குதான் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அப்பாவுக்கு 58 வயது. எனக்கு 24.

அம்மா அதற்கு மூன்று வருஷம் முன்பிருந்தே ஒரு ஜெபவீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஞாயிறு காலை எங்களோடு ஊர்க்கோயில், மாலை அங்கே. அங்கிருந்த பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான். அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஜெபித்தார். போகும்போது அம்மாவிடம் சில விதிகளைச் சொல்லிவிட்டுப் போனார். வியாதியின் பெயரை இந்த வீட்டில் யாரும் உச்சரிக்கக்கூடாது. உச்சரித்தால் அதற்கு அதிகாரம் கொடுக்கிறோம். காலையும் மாலையும் 'சுகமானேன்' என்று அறிக்கையிட வேண்டும். கண்ணால் பார்ப்பதைச் சொல்லக்கூடாது, விசுவாசத்தால் பார்ப்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

அம்மா அதைத் தாளில் எழுதி பீரோ கண்ணாடியில் ஒட்டினாள். கான்சர் எங்கள் வீட்டில் 'வயித்துப் பிரச்ச' ஆனது. பார்க்க வந்த சித்தி கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதபோது அம்மா அவளை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய், "இங்க அழக் கூடாது" என்றாள். எந்த ஸ்டேஜ் என்று கேட்ட மாமாவுக்கு அதன் பிறகு காப்பி கொடுக்கவில்லை. ஊர்க்கோயில் ஐயர் வியாதியஸ்தருக்கான திருவிருந்தைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டு ஆள் அனுப்பினார். "அது சாகப் போறவங்களுக்குக் குடுக்கது. அவரு சாக மாட்டாரு" என்று அம்மா வாசலிலேயே சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். உள்ளே அப்பாவுக்குக் கேட்டிருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. காலை நாலு மணிக்கு எழுந்து அவர் துணியைத் துவைத்து, கஞ்சி காய்ச்சி, வலியில் அவர் கத்தும்போது கையைப் பிடித்துக்கொண்டு இருபது நாள் தூங்காமல் இருந்தது அந்தத் தாளின் பலத்தில்தான். நானும் அவளோடு சேர்ந்து சொன்னேன். நம்பிக்கையோடுதான் சொன்னேன். எங்கள் ஆச்சி அரிசிக்குச் சொன்னதையே உயிருக்குச் சொல்கிறோம், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஓர் இரவு. இரண்டு மணி இருக்கும். நான் கீழே பாயில் படுத்திருந்தேன்.

"தம்பி. முழிச்சிருக்கியா?"

எழுந்து பக்கத்தில் போனேன். வலி இல்லாத நேரம். முகம் தெளிவாக இருந்தது.

"எனக்கு ரொம்ப நாள் இல்லடே. ஒண்ணு சொல்லணும்."

நான் அவர் வாயைப் பொத்தாத குறைதான். "அப்பா, அப்படிச் சொல்லாதீங்க. உங்க வாயாலயே அத வர வைக்காதீங்க. சுகமாயிட்டேன்னு சொல்லுங்க."

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வகுப்பில் ஒரு பையன் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு சரியென்று அடம்பிடித்தால் வாத்தியார் பார்ப்பாரே, அப்படி.

"சுகமாயிட்டேன்" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் இருந்தார். தண்ணி. வலிக்கி. திருப்பி விடு. இவ்வளவுதான் பேசினார்.

*

அடக்கத்துக்குப் பெரியப்பா வந்தார். ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. காலையிலிருந்து கோயில் காம்பவுண்டு ஓரம் வேப்பமரத்தடியில் நின்றார். பெட்டியைத் திறந்தபடி கோயிலுக்குள் கொண்டுபோனபோது மதில் பக்கம் திரும்பிக்கொண்டார். மூடி ஆணி அறைந்த பிறகுதான் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து ஒரு பிடி மண் போட்டார். "செத்த பிறகும் வீம்பு பாரு" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜெபவீட்டில் வேறு மாதிரிச் சொன்னார்கள். எங்கேயோ ஒரு வார்த்தை வழுக்கியிருக்க வேண்டும், யாரோ அவிசுவாசமாகப் பேசியிருக்க வேண்டும் என்று. அம்மா ஒரு வருஷம் அந்த வார்த்தையைத் தேடினாள். சித்தி அழுததா? மாமா கேட்ட கேள்வியா? ரிப்போர்ட்டைத் தான் சத்தமாக வாசித்ததா? ஒரு நாள் என்னிடம் கேட்டாள்: "நீ ஏதும் சொன்னியாய்யா?" நான் இல்லை என்றேன். அது உண்மை. நான் எதையும் சொல்லவில்லை. சொல்ல வந்தவரையும் சொல்ல விடவில்லை.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். இந்த 'அறிக்கையிடும்' போதனை எங்கள் தேரியில் முளைத்தது அல்ல. அமெரிக்காவில் இ. டபிள்யூ. கென்யான் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதிய புத்தகங்களில் அதன் வேர் இருக்கிறது. ஓக்லஹோமாவின் கென்னத் ஹேகின் அதை உலகெங்கும் கொண்டுபோனார். கேசட்டாகவும் டிவி நிகழ்ச்சியாகவும் அது தமிழுக்கு வந்தபோது, அரிசி நிறைஞ்சிருக்கு என்று சொல்லிப் பழகிய வீடுகள் அதற்குத் தயாராக இருந்தன. புதுக்கோட்பாடு எங்களுக்குப் பழைய வழக்கம்போலவே கேட்டது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆச்சியின் பயம், தன் வாயிலிருந்து விழுவது அடுத்தவன் மேல் விழுமே என்பது. அவள் சொற்களை அடக்கியது மற்றவர்களுக்காக. நாங்கள் ஆஸ்பத்திரியில் செய்தது சொல்லைப் பிடித்து சாவையே மடக்கப் பார்த்தது. அதற்காக, சாகிற மனிதரை அவருடைய சாவோடு தனியாக விட்டுவிட்டோம்.

'அறிக்கை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க்கோயிலில் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம். நாங்கள் சரியில்லை, தவறிவிட்டோம் என்று ஊரே ஒரே குரலில் ஒத்துக்கொள்வது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இதற்கு 'ஹோமோலொகேயோ' என்று ஒரு வினைச்சொல். பிரித்தால் 'அதையே சொல்வது'. உள்ளதை உள்ளபடி, கடவுள் பார்க்கிறபடியே சொல்வது. வீட்டுக் கண்ணாடியில் நாங்கள் ஒட்டியிருந்தது அதற்கு நேர் எதிரானது. கண்ணாடி காட்டிய முகத்தைத் தாள் மறைத்தது.

வேதத்தில் சாவைப் பற்றிப் பேசியவர்களின் பட்டியல் பெரியது. யோபு பிறந்த நாளையே சபிக்கிறார். கடைசியில் கடவுள், ஒழுங்காகப் பேசியவன் அவன்தான் என்கிறார். நம்பிக்கையாகப் பேசிய நண்பர்களைத்தான் கடிந்துகொள்கிறார். அந்த நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வந்தவுடன் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தது. 88ஆம் சங்கீதம் எந்த ஆறுதலும் இல்லாமல் இருட்டில் முடிகிறது. அதையும் யாரும் வெட்டி எறியாமல் ஜெபப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்கள். கெத்செமனே தோட்டத்தில் இயேசு, தன் மனம் சாகும் அளவுக்குத் துக்கப்படுவதை மூன்று சிநேகிதர்களிடம் வாய்விட்டுச் சொல்கிறார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். நான் தூங்காமல் எழுந்து பக்கத்தில் போனேன். போய், 'அப்படிச் சொல்லாதீங்க' என்றேன். தூங்கியிருக்கலாம்.

*

2019, பதநீர்க் காலம். பெரியப்பா விடிலியில் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். ஒரு கலயம் பதநீர் தந்தார். குடித்துவிட்டுக் கேட்டேன்.

"ஏன் பெரியப்பா அன்னைக்கு முகத்தப் பாக்க வரல?"

துடுப்பால் கிண்டியபடியே சொன்னார். "அவன் இருக்கும்போது அந்தச் சொல்ல நான் மீறியிருக்கலாம்யா. வந்திருந்தா ஏசியிருப்பான், ரெண்டு அடி அடிச்சிருப்பான், சரியாயிருக்கும். மீறாம விட்டது என் தப்பு. செத்ததுக்கு அப்புறம் எப்படி மீற? திருப்பி எடுக்கதுக்கு அவன் இல்லியே."

வீம்பு இல்லை. தம்பியின் கடைசி வார்த்தைக்கு அவர் கொடுத்த மரியாதை அது. ஜெயித்துவந்து மகளைப் பார்த்த யெப்தா மாதிரி நின்றிருக்கிறார் அந்த வேப்பமரத்தடியில். அவரும் ஒன்பது வருஷம் திருவிருந்து எடுக்கவில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. தெற்கு வரிசையை எங்கள் வரிசையிலிருந்து யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

"அப்பா ஆஸ்பத்திரில உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க பெரியப்பா" என்றேன். "நான்தான் உங்ககிட்ட வந்து சொல்லல."

துடுப்பு நின்றது. "எப்ப?"

"ராத்திரி ரெண்டு மணி. முழிச்சிருக்கியான்னு கேட்டாங்க. ஒண்ணு சொல்லணும்னாங்க."

"என்ன சொன்னான்?"

"அண்ணன வரச் சொல்லுன்னு."

பெரியப்பா எதுவும் பேசவில்லை. தாச்சியில் பாகு பொங்கிப் பதம் தப்பிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நான்தான் துடுப்பை வாங்கிக் கிண்டினேன். அந்த ஒரு தாச்சி வீணாகிவிட்டது.

நான் சொன்னது பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா எதைச் சொல்ல வந்தார் என்பதை நான் கேட்கவே இல்லை. பாங்குப் பாஸ்புத்தகம் எங்கே இருக்கிறது என்பதாக இருக்கலாம். தங்கச்சி கல்யாணத்தைப் பற்றி இருக்கலாம். ஒன்பது வருஷம் பீடத்துக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த மனிதர் சாகும்போது எதைச் சொல்ல நினைப்பார் என்று நானாக ஊகித்ததுதான். உள்ளதை உள்ளபடி சொல்வதே அறிக்கை என்று இரண்டு வருஷம் படித்துத் தெரிந்துகொண்ட நான், முதல் சந்தர்ப்பத்திலேயே இல்லாத ஒரு வாக்கியத்தை இறந்தவர் வாயில் வைத்தேன். ஜெபவீட்டுப் பாஸ்டர் செய்ததும் இதுதானே என்று ஒரு நண்பன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அவர் ஒரு வார்த்தையால் அப்பாவின் வாயை அடைத்தார். நான் ஒரு வார்த்தையால் அதைத் திறக்கப் பார்த்தேன். வித்தியாசம் இவ்வளவுதான். இது போதுமா என்று தெரியவில்லை.

அம்மாவிடம் அந்த இரவைப் பற்றி மட்டும் முழுதாகச் சொன்னேன். எதையும் கூட்டாமல், குறைக்காமல். அவள் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு எழுந்துபோய், பீரோ கண்ணாடியில் பழுப்பேறியிருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பசை போகவில்லை. இப்போதும் கண்ணாடியின் நடுவில் ஒரு சதுரம் மங்கலாகத்தான் தெரிகிறது.

அடுத்த திருவிருந்து ஞாயிறன்று பெரியப்பா வடக்கு வாசல் வழியாக வந்தார். அப்பா உட்காரும் இடத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாவ அறிக்கை சொல்லும்போது என் குரல் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. அவர் குரல் நிற்காமல் போனது. முன்வரிசையிலிருந்து சமாதானம் கைமாறிக் கைமாறி வந்தது. நான் வாங்கி அவரிடம் நீட்டினேன். வழக்கமாகச் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு. அதை இரண்டு பேருமே சொல்லவில்லை. அவர் உள்ளங்கை கருப்பட்டிச் சூட்டில் காய்த்துப்போய் சொரசொரப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தார். பிறகு பின்னால் திரும்பி அடுத்தவருக்குக் கொடுத்தார்.